ரொட்டி வண்டியில் வந்த கோப்பு

எங்கள் ஊருக்கு ரொட்டி வருகிற வண்டியில்தான் கணினிக் கோப்பும் வரும். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் பிண்டிலில் இருப்பது செயற்கைக்கோள் இணையம். பெரிய கோப்பு ஒன்றை இறக்க ஆரம்பித்தால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அதனால் ஆற்றோரத்து நான்கு ஊர்களும் சேர்ந்து பல வருடங்களுக்கு முன்பே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். நல்ல இணையம் உள்ள அர்ரன் ஊர்க்காரர்கள் ஒருமுறை இறக்கி ஒரு பென்டிரைவில் போடுவார்கள். ரொட்டி வண்டி ஓட்டும் நோலீன் அதை அங்கிருந்து முலாங்குக்கும், பிறகு டிண்டாராவுக்கும், கடைசியாக எங்களுக்கும் கொண்டுவருவாள். தொலையாமல் இருக்க, ஆட்டின் காதில் மாட்டுகிற மஞ்சள் வில்லை ஒன்றில் அதைக் கட்டியிருக்கும். கூடவே ஓர் அட்டை. கோப்பை நிறுவியவர் தன் ஊர்ப் பெயருக்கு நேராக டிக் போட்டு அனுப்ப வேண்டும்.

அந்த வியாழக்கிழமை காலை ஏழரைக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. நோலீன் வண்டியை நிறுத்தாமலே ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

"இந்தா உன் ரொட்டி. இந்தா உன் ஆட்டுக்காது. மூணு ஊரும் போட்டாச்சு, நீ மட்டும்தான் பாக்கி. சீக்கிரம் போட்டுட்டு குடு ரோண்டா, சாயங்காலம் திரும்பி வரச்சே வாங்கிக்கிறேன்."

பிண்டில் தண்ணீர் நிலையத்துக்கு நான்தான் முதலாள், நான்தான் கடையாள், நான்தான் கூட்டிப் பெருக்குகிறவள். ஆற்றுத் தண்ணீரை இழுத்து, வடிகட்டி, குளோரின் கலந்து நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அனுப்புகிறேன். குளோரின் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது மேஜை மேல் இருக்கும் ஒரு கிழட்டுக் கணினி. அந்தக் கணினிக்கான புது மென்பொருள்தான் ஆட்டுக்காதில் வந்திருந்தது.

அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவன் என் தம்பி கிளாரி. அவனுடைய சிறுநீரகம் இரண்டும் போய் நான்கு வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி மதியம் இரண்டு மணிக்கு வீட்டிலேயே டயாலிசிஸ் இயந்திரத்தில் தன்னைப் பொருத்திக்கொள்வான். எங்கள் குழாயில் முதல் வீடு அவனுடையது. தண்ணீர் இரண்டு கரிக்குழாய்கள் வழியாகப் போய் குளோரின் நீங்கித்தான் இயந்திரத்துக்குள் போகும். அளவுக்கு மீறிய குளோரின் கரியையும் தாண்டிப் போனால் ரத்த அணுக்கள் உடைந்துவிடும் என்று செவிலி எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். குளோரினைக் காட்டும் சோதனைப் பட்டையின் நிறம் பார்க்கக் கிளாரிக்குக் கண் போதாது. எனவே ஒவ்வொரு முறையும் ஒன்றே முக்காலுக்கு எனக்குப் போன் செய்து, "தண்ணி எப்படி?" என்று கேட்பான். நான் "சரியா இருக்கு" என்பேன். அதன் பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்பான்.

கணினித் திரையின் ஓரத்தில் பழுப்பேறிய ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'மஞ்சள் எச்சரிக்கைப் பெட்டி வந்து பயமுறுத்தினால், பரவாயில்லை என்பதை அழுத்தி ஓட்டவும்.' இது முலாங் நிலையத்து லெஸ் எழுதியது. நான்கு ஊர்க் கணினிகளிலும் அவன் கையெழுத்தில் இதே காகிதம் உண்டு. இந்த ஆற்றோரத்தில் கணினி தெரிந்தவன் என்றால் லெஸ்தான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்று. போன வருடம் நகரத்தில் ஒரு நாள் பயிற்சிக்கு எட்டுப் பேர் போனோம். மதியம் சாண்ட்விச் தீர்ந்ததும் ஏழு பேர் நழுவிவிட்டார்கள். எனக்குத் திரும்பி வர வண்டி இல்லாததால் உட்கார்ந்திருந்தேன். காலி நாற்காலிகளைப் பார்த்தபடி அந்தப் பயிற்சியாளர் எனக்கு மட்டும் ஒன்று சொல்லிக்கொடுத்தார். மென்பொருள் செய்கிறவர்கள் கோப்பில் தங்கள் கையொப்பத்தை மறைவாகப் போட்டு அனுப்புகிறார்கள். கோப்பின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'பண்புகள்' என்பதற்குப் போய், கையொப்பம் என்ற பக்கத்தைத் திறந்தால் செய்தவரின் பெயர் தெரியும். அத்தோடு நின்றுவிடக் கூடாது. பெயரைத் தேர்ந்து 'விவரங்கள்' என்பதையும் அழுத்த வேண்டும். கையொப்பம் செல்லுமா, செல்லாதா என்பது அங்கேதான் இருக்கிறது.

அன்று பெயர் இருந்தது. எங்கள் பம்புகளைச் செய்த அதே நிறுவனத்தின் பெயர். விவரங்களை அழுத்தினேன். சிவப்புப் பெருக்கல் குறி. 'இந்தக் கையொப்பம் செல்லாது.'

மூடிவிட்டு மறுபடி திறந்தேன். செல்லாது. கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அப்போதும் செல்லாது.

பத்து மணிக்கு ஷேன் வந்தான். கவுன்சிலின் பணி மேலாளர் அவன். முப்பத்துநான்கு வயது. கண்ணாடியை எப்போதும் கண்ணைத் தவிர வேறெங்காவது மாட்டியிருப்பான். கையில் பாதி தின்ற சாசேஜ் ரோல்.

"போட்டாச்சா?"

"இல்ல."

"ஏன்? மூணு மணிக்கு சுகாதாரத் துறையிலேருந்து ஆய்வாளர் வர்றாரு. புது மென்பொருள்ல ரெண்டு மணி நேரப் பதிவாவது காட்டணும். பன்னண்டுக்குள்ள போட்டே ஆகணும்னு நேத்தே சொன்னேன்ல?"

திரையைக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான்.

"அதான் கம்பெனி பேரு இருக்கே!"

"பேரு இருக்கு. கையொப்பம் செல்லாதுன்னும் இருக்கு. அவங்க கையொப்பம் போட்டதுக்கு அப்புறம் யாரோ இந்தக் கோப்பைத் தொட்டிருக்காங்க."

"யாரு தொடுவா? ரொட்டி வண்டியில வந்தது."

"ஜாம் பாட்டில் வாங்குறே. லேபிள் ஒழுங்கா இருக்கு. ஆனா மூடி நடுவுல புடைச்சுக்கிட்டு நிக்குது. திம்பியா?"

"எனக்கு ஜாம் புடிக்காது."

"உன் பிள்ளைக்குக் குடுப்பியா?"

அவன் ரோலை மென்றபடி போனை எடுத்து லெஸ்ஸை அழைத்து, ஒலியைப் பெரிதாக்கி மேஜை மேல் வைத்தான்.

"லெஸ், இங்க ஒருத்தி சிவப்பைப் பார்த்துட்டு உசிரை விடுறா. நீயே சொல்லுப்பா."

"யாரு, ரோண்டியா?" லெஸ்ஸின் சிரிப்பு தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல வந்தது. "ஏம்மா, நான் திங்கக்கிழமையே போட்டுட்டேன். எங்க ஊர்ல யாரும் சாகல. என் மாமியாகூட நல்லாத்தான் இருக்கா, அதான் எனக்கு வருத்தமே."

"லெஸ், இது செல்லாதுன்னு சொல்லுது."

"அது ஆயிரம் சொல்லும். காகிதத்துல என்ன எழுதியிருக்கேன்? பரவாயில்லைன்னு அமுக்கு. ஒரு நாள் பயிற்சிக்குப் போயிட்டு வந்து எனக்கே பாடம் எடுக்குறியா?"

ஷேன் சிரித்தான். எனக்குக் காது மடல் சூடானது. இருபத்தாறு வருடம் இந்த நிலையத்தில் நின்றிருக்கிறேன். வெள்ளம் வந்தபோது இடுப்பளவு சேற்றில் பம்பைக் கட்டிப் பிடித்தவள் நான். இவர்கள் சிரிப்புக்காக ஒரு பொத்தானை அமுக்க மாட்டேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

பென்டிரைவைப் பிடுங்கி என் பூட்ஸுக்குள் போட்டுக்கொண்டேன்.

"குடு ரோண்டா. நானே போட்டுக்கிறேன்."

"காலைத் தூக்கி எடுத்துக்கோ. கழுவி மூணு நாளாச்சு."

"விளையாடாத. நான் எழுதி அனுப்பினா திங்கக்கிழமை சாவியைக் குடுத்துட்டுப் போகணும் நீ."

"எழுது. பேனா வேணுமா? எழுதும்போது எல்லாத்தையும் எழுது. செல்லாதுன்னு போட்டிருந்ததை உனக்குக் காட்டினேன், நீ பார்த்தே, அப்புறமும் நீதான் போடச் சொன்னேன்னு சேர்த்து எழுது."

அவன் பேனாவை வாங்கவில்லை. வெளியே போய்த் தன் வண்டியில் குளிர்காற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

நான் பம்புப் பெட்டியிடம் போனேன். அதன் கதவில் ஒரு பித்தளைத் தகடு திருகி வைத்திருக்கிறது. செய்த நிறுவனத்தின் பெயர், வருடம், தொலைபேசி எண். அட்டையில் யாரோ எழுதிய எண்ணையோ, ஷேன் தருகிற எண்ணையோ நம்புகிற மனநிலையில் நான் இல்லை. இரும்பில் திருகியதை நம்பலாம். அந்த எண்ணுக்கு அடித்ததும் பதினைந்து நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு மெய்லின் என்ற பெண் பேசினாள்.

"கோப்பை எங்கேருந்து இறக்குனீங்க?"

"இறக்கல. ரொட்டி வண்டியில வந்தது."

ரொட்டி வண்டி என்று அவள் முணுமுணுத்தபடி எழுதிக்கொள்வது கேட்டது.

"சரி. கோப்போட அளவை ஒரு எண் விடாம சொல்லுங்க."

சொன்னேன். விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது.

"எங்க கோப்பு இதைவிடச் சின்னது. உங்ககிட்ட இருக்கிறது நாங்க அனுப்பினது இல்ல. என்ன ஆனாலும் அதைப் போடாதீங்க. வேற யாராவது போட்டிருந்தா உடனே பழசுக்கு மாத்தச் சொல்லுங்க."

அர்ரனுக்குப் போன் செய்தேன். அவர்கள் கணினியில் இருந்த கோப்பு மெய்லின் சொன்ன அளவோடு அப்படியே பொருந்தியது. கையொப்பமும் செல்லும். அப்படியென்றால் அர்ரனை விட்டுப் புறப்படும்போது கோப்பு நல்ல கோப்புதான். அடுத்து நின்ற ஊர் முலாங்.

இந்த முறை நானே லெஸ்ஸைக் கூப்பிட்டேன்.

"லெஸ், அந்தக் கோப்பை நீ எதாவது செஞ்சியா?"

"ஓ, அதுவா!" என்றான் உற்சாகமாக. "சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். ஒவ்வொரு தடவையும் புதுசு போட்டதும் தொட்டி அளவு, குளோரின் அளவுன்னு நாப்பது எண்ணை உக்காந்து தட்டணும்ல? உங்களுக்கெல்லாம் எதுக்கு அந்தக் கஷ்டம்னு, கோப்பைப் பிரிச்சு எங்க ஊரு எண்ணையெல்லாம் உள்ள வச்சு மறுபடி கட்டிட்டேன். போட்டா தானா ஏறிக்கும். எப்படி நம்ம வேலை?"

நான் பேனாவையும் காகிதத்தையும் எடுத்தேன்.

"உங்க தொட்டி எவ்வளவு பெருசு, லெஸ்?"

"நாப்பது லட்சம் லிட்டர்."

"எங்களுது நாலு லட்சம்."

அவனுக்கு இடம் கொடுக்காமல் தொடர்ந்தேன்.

"குளோரின் கூடினா அடிக்கிற எச்சரிக்கை மணிக்கான எண்ணும் உன்னோடதுதானே உள்ள போயிருக்கும்? பத்து மடங்கு குளோரின் போனாலும் இங்க மணி அடிச்சிருக்காது. பன்னண்டு மணிக்குப் போட்டிருந்தா ரெண்டு மணிக்குக் கிளாரி வீட்டுக் குழாய்ல இருந்திருக்கும்."

"ரோண்டி..." என்றான்.

அவனை அப்படியே விட்டுவிட்டு டிண்டாராவுக்கு அடித்தேன். அங்கே ஜாய்ஸ்தான் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அவர்கள் தொட்டி முலாங் தொட்டியில் பாதி.

"செவ்வாக்கிழமை சாயங்காலத்துலேருந்து தண்ணி நீச்சல் குளம் மாதிரி நாறுது," என்றாள் ஜாய்ஸ். "வெயிலுக்குன்னு நெனச்சேன். மணியும் அடிக்கல. இன்னிக்குக் காலையில மதுக்கடை தொட்டியில இருந்த தங்கமீன் நாலும் செத்து மெதக்குதாம். கடைக்காரன் என்னைக் கண்டபடி திட்டுறான்."

"இப்பவே பழசுக்கு மாத்து. போனை வை."

ஷேனின் வண்டிக் கண்ணாடியைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் பேயறைந்தது போலானது. மன்னிப்புக் கேட்பான் என்று ஒரு நொடி நினைத்தேன். எனக்கே என் மேல் சிரிப்பு வந்தது.

"சரி," என்றான் குளிர்காற்றை அணைத்தபடி. "நல்லவேளை, நீ போடல. இப்ப ஆய்வாளர்கிட்ட என்ன சொல்றதுன்னு பார்ப்போம். கோப்பு இறக்கும்போதே பழுதாயிடுச்சுன்னு சொல்லிடலாம். லெஸ் பேரை இழுக்க வேணாம். முப்பத்தோரு வருஷமா வேலை பார்க்குற ஆளு. நல்லதுக்குத்தானே செஞ்சான்."

"நல்லதுக்குத்தான் செஞ்சான். தெரியும்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்று எனக்குத்தான் தெரியும். கிளாரிக்கு முதன்முதலில் சிறுநீரகம் நின்றபோது புழுதிப்புயலில் மருத்துவ விமானம் இறங்க முடியவில்லை. லெஸ்தான் மூன்று மணி நேரம், முன்னால் எதுவும் தெரியாத சாலையில், வண்டியை உருட்டி அவனை மருத்துவமனையில் சேர்த்தான். வழி முழுக்க அவனைத் தூங்கவிடாமல் கெட்ட கெட்ட ஜோக்காகச் சொன்னானாம். என் தம்பி உயிரோடு இருப்பது லெஸ்ஸால். அந்த லெஸ்ஸைத்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. வெயிலில் கண்ணீர் வருவதும் தெரியாது, காய்வதும் தெரியாது. அது ஒரு வசதி.

ஒன்றே முக்காலுக்குப் போன் அடித்தது.

"தண்ணி எப்படி?" என்றான் கிளாரி.

"சரியா இருக்கு. பழசுதான் ஓடுது. மூணு தடவை சோதிச்சுட்டேன்."

"நோலீன் போன் பண்ணினா, லெஸ் அவகிட்ட எல்லாத்தையும் சொன்னானாம். ரோண்டா, லெஸ்ஸை விட்டுடேன். எனக்கு ஒண்ணும் ஆகலைல்ல?"

"நீயுமா?"

"அவன் இல்லேன்னா நான் இல்ல."

"அவன் செஞ்சதைப் போட்டிருந்தாலும் நீ இல்ல. அடுத்த தடவை இன்னொரு நல்லவன் நல்லதுக்குன்னு எதையாவது உள்ள வைப்பான். அதையும் மறைச்சா, ஒருத்தரும் விவரங்களை அமுக்கிப் பார்க்க மாட்டாங்க. நீ ஊசியைக் குத்திக்கிட்டுப் பேசாம படு. இந்த விஷயத்துல நீ வாயைத் திறந்தே, நேர்ல வந்து மூடுவேன்."

லெஸ்ஸுக்கு மறுபடி போன் செய்தேன். மூன்று மணிக்கு நீயே வந்து சொல், இல்லையென்றால் நான் சொல்வேன் என்றேன். "உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டான்.

மூன்று மணிக்கு ஆய்வாளர் வந்தார். முலாங் பக்கத்துச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புழுதி கிளம்பவில்லை. ஏன் இன்னும் பழைய மென்பொருள் ஓடுகிறது என்று ஆய்வாளர் கேட்டார். ஷேன் தொண்டையைக் கனைத்தான்.

"கோப்பு இறக்கும்போது பழுதாயிடுச்சு சார்..."

"இல்ல," என்றேன்.

ஷேன் என்னைப் பார்த்த பார்வையில் ஆயிரம் கெஞ்சல் இருந்தது. நான் குனிந்து பூட்ஸைக் கழற்றினேன். பென்டிரைவை எடுத்து, ஆட்டுக்காதோடு மேஜையில் வைத்தேன். கோப்பைத் திறக்காமலே பண்புகளைத் திறந்து, பெயரைத் தேர்ந்து, விவரங்களை அழுத்தினேன். சிவப்பு அங்கேயே இருந்தது. ரொட்டி வண்டி, நாற்பது எண், தங்கமீன், என் தம்பி என்று எதையும் விடாமல் சொன்னேன். லெஸ்ஸின் பெயரையும் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்தது. உடையட்டும் என்று சொல்லி முடித்தேன்.

சாயங்காலம் கிளம்பும்போது திரை ஓரத்துக் காகிதத்தைக் கிழித்தேன். அட்டையில் மூன்று டிக்குகளுக்குக் கீழே, பிண்டிலுக்கு நேராக, 'போடவில்லை. ரோண்டா' என்று எழுதி நோலீனிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். வழக்கமாகக் கையசைத்துவிட்டுப் போகிறவள் அன்று அசைக்கவில்லை.

லெஸ்ஸை நிலையத்திலிருந்து எடுத்து, நான்கு மாதம் சாலைக்குழி நிரப்பும் வேலைக்குப் போட்டார்கள். மதுக்கடைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். நோலீன் எனக்குக் கொடுக்கும் ரொட்டி எப்போதும் நசுங்கியே இருந்தது. லெஸ்ஸை ஒருமுறை பெட்ரோல் நிலையத்தில் பார்த்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு, நிரம்பிவிட்ட தொட்டியில் இன்னும் பெட்ரோல் அடிக்கிறவன் போல நின்றான். வருத்தப்பட்டேனா என்றால், பட்டேன். மறுபடி செய்வேனா என்றால், இன்றைக்கும் செய்வேன்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அடுத்த பென்டிரைவ் வந்தது. ரொட்டி நசுங்காமல் இருந்தது. நோலீன் வண்டியை நிறுத்தி, "அட்டையைப் படி" என்று மட்டும் சொன்னாள்.

புது அட்டை. அர்ரனுக்கு நேராக டிக்கும், 'விவரங்கள் பார்த்தோம், செல்லும்' என்ற வரியும் இருந்தன. டிண்டாராவுக்கு நேராக ஜாய்ஸ், 'செல்லும். புது மீன் வாங்கியாச்சு' என்று எழுதியிருந்தாள். நடுவே, முலாங்குக்கு நேராக, நான்கு மாதமாகப் பார்க்காத அந்தக் கையெழுத்து.

'செல்லும். நான் கை வைக்கவில்லை. நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். பார்த்துக்கொள், கிழவி. லெஸ்.'

அட்டையை இரண்டு முறை படித்தேன். பிறகு உள்ளே போய்க் கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, பெயரைத் தேர்ந்து, விவரங்களைத் திறந்தேன். செல்லும் என்று இருந்தது. பித்தளைத் தகட்டு எண்ணுக்குப் போன் செய்து கோப்பின் அளவையும் சரிபார்த்தேன். அதன் பிறகுதான் நிறுவினேன். எங்கள் ஊர் எண் நாற்பதையும் ஒவ்வொன்றாகத் தட்டினேன். இரண்டு முறை தண்ணீரைச் சோதித்தேன்.

ஒன்றே முக்காலுக்குப் போன் அடித்தது.

"தண்ணி எப்படி?"

"சரியா இருக்கு," என்றேன். "லெஸ் சொன்னான். நானும் பார்த்துட்டேன்."